உயரமான பையனும் கடைசி இரண்டு நிமிடமும்

கூடைப்பந்தில் சென்டர் என்பவர் வளையத்துக்கு மிக அருகில் நின்று ஆடுபவர். களத்தில் இருக்கும் ஐந்து பேரில் பெரும்பாலும் அவரே உயரமானவர். குறி தவறிய பந்தை ரீபவுண்ட் எடுப்பது, வளையத்தை நோக்கிப் பாய்ந்து வருபவரை மறிப்பது, பந்தை நடத்திச் செல்லும் தன் அணியின் கார்டுக்கு, எதிராளியை உடலால் மறிக்கும் ஸ்கிரீன் போட்டு வழி உண்டாக்குவது, நெருக்கத்தில் பந்தை வாங்கிப் புள்ளி சேர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே உயரம் என்பது பிறவியிலேயே கிடைத்த முதல். அந்த முதலை வைத்துக்கொண்டு ஆட்டக்காரராக ஆவதற்கு மற்ற இடங்களைவிட இந்த இடத்தில் அதிக ஆண்டுகள் பிடிக்கின்றன.

இதற்குக் காரணம் உடல் மட்டும் இல்லை. நடுக்களத்தில் ஒரு கார்டு பந்தைத் தவறவிட்டால், அதைச் சரிசெய்ய அவருக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். சென்டர் தவறினால் பின்னால் யாரும் கிடையாது. எதிரணிக்கு உடனே இரண்டு புள்ளி. அந்தத் தவறு அரங்கம் முழுவதுக்கும் தெரியும். அதனால்தான் ஆட்டம் நெருக்கமாகிக் கடைசி இரண்டு நிமிடம் வரும்போது, பயிற்சியாளர்கள் இளம் சென்டரை வெளியே அழைத்து, உயரம் குறைந்தாலும் அனுபவம் மிகுந்த ஒருவரை உள்ளே அனுப்புகிறார்கள். அன்றைய ஆட்டத்துக்கு அது பாதுகாப்பான முடிவாகத் தோன்றும். அதையே இரண்டு பருவம் தொடர்ந்து செய்தால், பயிற்சியில் எல்லாம் தெரிந்த, ஆட்டத்தில் எதுவும் தெரியாத ஒரு நெட்டையான இளைஞர்தான் மிஞ்சுவார்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன் மலைப் பக்கமாக இருக்கும் சங்கராபுரம் போன்ற ஊர்களிலிருந்து இந்தக் கேள்வியைப் பார்ப்பது பயனுள்ளது. கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளையும் வேளாண் பகுதி இது. இத்தகைய வட்டாரங்களின் பள்ளி மைதானங்களில் கபடிக்கும் கைப்பந்துக்கும்தான் முதலிடம். கபடிக்கு மண்தரை போதும். கைப்பந்துக்கு இரண்டு கம்பமும் ஒரு வலையும் போதும். கூடைப்பந்துக்கோ சிமென்ட் தளம், போர்டு, வளையம் என்று செலவு கூடுகிறது. எனவே எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ திடீரென்று வளரும் பையன் முதலில் கைப்பந்து வலைக்கு முன்னால்தான் நிறுத்தப்படுகிறான். இதை இழப்பாக நினைக்க வேண்டியதில்லை. சிறந்த சென்டர்கள் பலர் வேறு விளையாட்டிலிருந்து வந்தவர்களே.

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்த ஹக்கீம் ஒலாஜுவான் கால்பந்தும் ஹேண்ட்பாலும் ஆடி வளர்ந்தவர். பதின்பருவத்தின் நடுவில்தான் கூடைப்பந்தைத் தொட்டார். அந்த ஆட்டங்களில் பழகிய கால்கள்தான் பிற்காலத்தில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்கு 1994, 1995 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வின் பட்டம் வாங்கிக் கொடுத்தன. இந்தியாவிலேயே உதாரணம் உண்டு. அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அம்ரித்பால் சிங் கபடி ஆட்டக்காரர். பதின்பருவம் முடியும் வயதில்தான் கூடைப்பந்துக்கு வந்தார். குர்தாஸ்பூர் மாவட்டத்தின் பிரின்ஸ்பால் சிங் கைப்பந்திலிருந்து வந்தவர். கபடியில் இடுப்பைத் தாழ்த்தி நிற்கும் பழக்கமும், கைப்பந்தில் பிளாக் எழும்பும் நேரக்கணக்கும் கூடைப்பந்து வளையத்தின் கீழே அப்படியே பயன்படுகின்றன. சங்கராபுரம் வட்டாரத்தில் வருங்கால சென்டரைத் தேடும் பி.டி. மாஸ்டர் முதலில் போக வேண்டிய இடம் கைப்பந்து மைதானம்தான்.

கண்டுபிடித்த பிறகு முதல் இரண்டு ஆண்டுகள் உடலைக் காப்பதிலேயே போக வேண்டும். ஒரே ஆண்டில் பல சென்டிமீட்டர் வளரும் பையனுக்குக் கைகால் எங்கே இருக்கிறது என்பதே குழப்பமாக இருக்கும். எலும்பு வேகமாக நீள, தசையும் தசைநாரும் அதற்கு ஈடுகொடுக்கத் திணறும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முடிச்சில் வலி வருவது இந்த வயதில் சாதாரணம். அந்த வலியைச் சோம்பல் என்று நினைத்துச் சிமென்ட் தளத்தில் மேலும் குதிக்கவைப்பது பெரிய தவறு. குதிக்கும் எண்ணிக்கையைக் குறைத்து, தொடை, இடுப்பு, வயிற்றுத் தசைகளை வலுவாக்க வேண்டும். தூக்கம் குறையக் கூடாது. முட்டை, பயறு, நிலக்கடலை, கேழ்வரகு, மலையில் விளையும் சாமை, தினை என்று உள்ளூரிலேயே கிடைக்கும் உணவு போதுமான அளவு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கல்வராயன் மலையிலிருந்து உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கு இது விடுதிச் சமையலறையின் கையில் இருக்கிறது.

பலரும் கவனிக்காத ஒரு மருத்துவ விஷயமும் உண்டு. மிக உயரமாக, ஒல்லியாக, விரித்த கைகளின் அகலம் உயரத்தைவிடக் கூடுதலாக இருக்கும் சிலருக்கு மார்ஃபன் நோய் என்னும் பிறவிக் குறைபாடு இருக்கலாம். அதில் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி பலவீனமாகி விரிவடையும். கடும் விளையாட்டு உயிருக்கே ஆபத்தாகும். அமெரிக்கப் பெண்கள் கைப்பந்து அணியின் புகழ்பெற்ற வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1986இல் ஜப்பானில் ஆட்டத்தின் நடுவே சரிந்து இறந்தது இதனால்தான். பெய்லர் பல்கலைக்கழக சென்டர் ஐசாயா ஆஸ்டினுக்கு 2014இல், என்.பி.ஏ. அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளுக்குச் சில நாட்களுக்கு முன் நடந்த பரிசோதனையில் இந்த நோய் தெரியவந்தது. உயரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு பையனுக்கும் இதய எக்கோ பரிசோதனையும் கண் பரிசோதனையும் செய்துவிடுவது, தேர்ந்தெடுப்பவரின் முதல் கடமை.

அடுத்தது கால்வேலை. இதில் இன்றும் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் கதை ஜார்ஜ் மைக்கனுடையது. 1942இல் சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்த ரே மேயர், கண்ணாடி போட்ட, 208 சென்டிமீட்டர் உயரமுள்ள, நடையே தடுமாறும் ஒரு மாணவரைப் பார்த்தார். அந்தக் காலத்தில் அவ்வளவு உயரமானவர்களால் இந்த ஆட்டம் ஆட முடியாது என்பதே பொதுவான எண்ணம். மேயர் அவரைக் கயிறு தாண்டவைத்தார், குத்துச்சண்டைக்காரரைப் போல நிழலோடு சண்டையிடவைத்தார், நடன வகுப்புக்கும் அனுப்பினார். வளையத்தின் கீழே நின்று வலது பக்கம் வலது கையால் ஒன்று, பந்து கீழே விழுவதற்குள் பிடித்து இடது பக்கம் இடது கையால் ஒன்று என்று நாள்தோறும் நூற்றுக்கணக்கில் போடவைத்தார். அந்தப் பயிற்சி இன்றும் மைக்கன் டிரில் என்ற பெயரில் உலகெங்கும் நடக்கிறது. மைக்கன் பின்னர் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியின் தூணானார். அவரைச் சமாளிக்கவே 1951இல் என்.பி.ஏ., வளையத்தின் கீழான பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக மாற்றியது. இதற்கெல்லாம் தேவைப்பட்டது ஒரு வளையம், ஒரு பந்து, ஒரு கயிறு. எந்த அரசுப் பள்ளியிலும் முடியக்கூடியது.

நம் பள்ளி ஆட்டத்தில் ஒரு பழக்கம் இளம் சென்டரைக் கெடுக்கிறது. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளில், தாக்கும் அணியின் ஆட்டக்காரர்தான் வளையத்தின் கீழ்ப் பகுதியில் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. தடுக்கும் அணிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் பள்ளி அணிகள், ஆளைத் தொடராமல் இடத்தைக் காக்கும் ஸோன் தடுப்பு அமைத்து, உயரமான பையனை வளையத்தின் கீழே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கவைத்துவிடுகின்றன. அந்த நிலையில் வெற்றி வரும். ஆனால் அவன் பக்கவாட்டில் நகரவே கற்றுக்கொள்வதில்லை. மாநில அளவுக்குப் போனதும் எதிரணி, ஸ்கிரீன் போட்டுவிட்டு வளையத்தை நோக்கித் திரும்பும் பிக் அண்ட் ரோல் ஆடி அவனை வெளியே இழுக்கும். வேகமான கார்டு ஒருவரோடு தனியாக நிற்க வேண்டிவரும். அப்போது குட்டு வெளிப்படும். பயிற்சியிலாவது அவனை வாரம் முழுவதும் ஆளுக்கு ஆள் தடுக்கவைக்க வேண்டும். பள்ளிக் கோப்பை ஒன்று கைநழுவினாலும் பரவாயில்லை என்று சொல்லும் துணிவு பயிற்சியாளருக்கு வேண்டும்.

பயிற்சி மட்டும் போதுமா என்ற கேள்விக்குப் பஞ்சாபின் இரண்டு வாழ்க்கைகள் விடை சொல்கின்றன. லூதியானா கூடைப்பந்து அகாடமியில் எஸ். சுப்பிரமணியன் என்ற மூத்த பயிற்சியாளர், கிராமத்து உயரமான பையன்களை எடுத்து வளர்த்தார். அவர்களுள் ஒருவர் பர்னாலா மாவட்டம் பல்லோகே கிராமத்தின் சத்னாம் சிங். தந்தையும் ஏழடி உயரம். 2010இல், பதினான்கு வயதில், உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போனார். 2015 ஜூன் 25 அன்று டல்லஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. தேர்வில் இடம்பெற்ற முதல் இந்தியர் அவரே. நாடு கொண்டாடியது. ஆனால் மேவரிக்ஸ் அணிக்காக அவர் ஒரு என்.பி.ஏ. ஆட்டம்கூட ஆடவில்லை. அதன் துணை அணியான டெக்சஸ் லெஜண்ட்ஸில் இரண்டு பருவம் இருந்தும், ஆட்டத்துக்குச் சில நிமிடங்களுக்கு மேல் களத்தில் நிற்கக் கிடைக்கவில்லை. 218 சென்டிமீட்டர் உயரம், சிறந்த ஜிம், சிறந்த உணவு எல்லாம் இருந்தன. வேகம் கூடிய புதிய பாணி ஆட்டத்துக்கு அவர் கால்கள் போதவில்லை என்பது உண்மை. நெருக்கடியான ஆட்ட நிமிடங்கள் அவருக்குக் கிடைக்கவே இல்லை என்பதும் அதே அளவு உண்மை.

அம்ரித்பாலின் பாதை வேறு. 211 சென்டிமீட்டர் உயரமுள்ள அவர் கூடைப்பந்துக்குத் தாமதமாக வந்தாலும், பஞ்சாப் அணிக்கும் இந்திய அணிக்கும் முக்கிய சென்டராக ஆண்டுதோறும் முழு ஆட்டங்கள் ஆடினார். தவறினாலும் மாற்ற ஆளில்லாத நிலையே அவருக்குப் பள்ளிக்கூடமானது. ஜப்பானில் ஆடிவிட்டு, 2017இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணியில் இடம்பிடித்தார். விளம்பர வெளிச்சம் சத்னாமின் மேல் விழுந்தது. ஆட்ட முதிர்ச்சி அம்ரித்பாலிடம் சேர்ந்தது.

களத்தில் நேரம் கொடுக்கும்போது முதலில் எதிர்ப்படும் தடை ஃபவுல். ஃபிபா விதிப்படி ஒருவருக்கு ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டம் முடிந்தது. இளம் சென்டர் முதல் கால்பகுதியிலேயே இரண்டு வாங்கிவிடுவான். அடிக்க ஓடிவருபவரைப் பார்த்ததும் கையைக் கீழ்நோக்கி வீசுவதுதான் காரணம். இரண்டு கைகளையும் நேர் மேலே உயர்த்தி, நின்ற இடத்திலிருந்து நேராக எழும்பினால், மோதுபவர்மீதுதான் தவறு. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தான் நிற்கும் இடத்தின் மேலிருக்கும் வெளி சொந்தம் என்பது விதி. இதைப் பழக ஒரு எளிய வழி, தடுக்கும்போது கைக்கு ஒரு டென்னிஸ் பந்தைக் கொடுத்துவிடுவது. பிடிக்கவும் தட்டவும் முடியாதபோது உடல்தான் வேலை செய்யும்.

அடுத்த தடை ஃப்ரீ த்ரோ, அதாவது ஃபவுலுக்குப் பின் யாரும் மறிக்காமல் எறியும் எறிதல். ஒரு கால்பகுதியில் எதிரணிக்கு நான்கு அணி ஃபவுல் ஆகிவிட்டால், அடுத்த தடுப்பு ஃபவுலிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். கடைசி நிமிடங்களில் பின்தங்கிய அணி, சரியாகப் போடத் தெரியாதவரைத் தேடித் தேடி ஃபவுல் செய்யும். கணக்கு எளிது. பாதி மட்டுமே போடுபவர் இரண்டு எறிதலில் சராசரியாக ஒரு புள்ளி தருவார். முக்கால்வாசி போடுபவர் ஒன்றரைப் புள்ளி தருவார். அவரை ஃபவுல் செய்ய யாரும் விரும்பமாட்டார்கள். ஷகீல் ஓ'நீல் போன்ற பெரும் ஆட்டக்காரரின் வாழ்நாள் விகிதமே 52.7 விழுக்காடுதான், அவருக்கு எதிராக இது ஒரு தனி உத்தியாகவே வளர்ந்தது. உயரமானவருக்குக் கை வராது என்பது உண்மையில்லை. 229 சென்டிமீட்டர் உயரமுள்ள சீனாவின் யாவோ மிங் வாழ்நாள் முழுவதும் 83 விழுக்காடு போட்டார். வில்ட் சேம்பர்லைன் 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தபோது, பந்தைக் கீழிருந்து இரு கைகளாலும் தூக்கிப்போட்டு 32 ஃப்ரீ த்ரோவில் 28ஐப் போட்டார். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள் என்று பிறகு அந்த முறையைக் கைவிட்டார். விகிதம் மறுபடி சரிந்தது. ஒரு பையனுக்கு எந்த முறை கைவருகிறதோ அதையே அவன் வைத்துக்கொள்ளப் பயிற்சியாளர் துணை நிற்க வேண்டும். ஃப்ரீ த்ரோவைப் பயிற்சியின் தொடக்கத்தில் போடுவதைவிட, மூச்சிரைக்க ஓடிய பிறகு இரண்டிரண்டாகப் போடுவதே ஆட்டத்துக்கு உதவும்.

இவ்வளவும் ஓரளவு கைவந்த பிறகுதான் கடைசி நிமிடக் கேள்வி எழுகிறது. அதை உலகமே பார்த்த ஒரு ஆட்டம் 2013 மே 22 அன்று மயாமியில் நடந்தது. என்.பி.ஏ. கிழக்குப் பிரிவு இறுதித் தொடரின் முதல் ஆட்டம். இண்டியானா பேசர்ஸ் அணியின் சென்டர் ராய் ஹிபர்ட், 218 சென்டிமீட்டர் உயரம். கைகளை நேராக உயர்த்தி எழும்பும் தடுப்பில் அந்த ஆண்டு அவரை மிஞ்ச ஆளில்லை. கூடுதல் நேரத்தின் கடைசியில் பயிற்சியாளர் ஃபிராங்க் வோகல் அவரை வெளியே உட்காரவைத்தார். எதிரணியான மயாமியின் கிறிஸ் பாஷ் தூரத்திலிருந்து எறியக்கூடியவர், அவரை வெளியே போய்த் தடுக்க ஹிபர்ட்டுக்கு வேகம் போதாது என்பது கணிப்பு. 2.2 நொடி மிச்சம், பேசர்ஸ் ஒரு புள்ளி முன்னிலை. பந்தை வாங்கிய லெப்ரான் ஜேம்ஸ் தன்னைத் தடுத்தவரைத் தாண்டி நேராக வளையத்துக்குப் போனார். அங்கே யாரும் இல்லை. மயாமி 103, இண்டியானா 102.

வோகலின் கணிப்பில் தர்க்கம் இருந்தது. ஆனால் நடக்கக்கூடிய இரண்டு ஆபத்துகளில் எது பெரியது என்பதில் அது பிசகியது. தூர எறிதல் நல்ல கைகளுக்கே பாதிக்கு மேல் தவறும். காவலில்லாத வளையத்தின் கீழே எறிதல் தவறாது. அடுத்த ஆட்டத்தில் ஹிபர்ட் 29 புள்ளி எடுத்தார், பேசர்ஸ் 97க்கு 93 என்று வென்றது. பள்ளி அளவில் இந்தப் பாடம் இன்னும் பொருந்தும். அங்கே மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து நம்பிக்கையாகப் போடுபவர்கள் குறைவு. அடி விழுவது பெரும்பாலும் வளையத்தின் கீழேதான்.

நம்பிக்கையை ஒரே நாளில் தூக்கிக் கொடுக்க முடியாது. படிப்படியாகத்தான் கொடுக்க வேண்டும். முதல் படி இரண்டாம் கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடம். கடிகாரம் ஓடுகிறது, இடைவேளைக்கு முன் கடைசி எறிதல் யாருக்கு என்ற பரபரப்பு இருக்கிறது, தோற்றாலும் சரிசெய்யப் பாதி ஆட்டம் மிச்சம். பிறகு, பத்துப் புள்ளி முன்னிலையில் இருக்கும்போது நான்காம் கால்பகுதி முழுவதும். அதன்பின் நெருக்கமான ஆட்டத்தில் தடுப்புக்கு மட்டும் உள்ளே, தாக்குதலுக்கு வெளியே. நான்காம் கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடங்களில் புள்ளி விழுந்ததும் கடிகாரம் நிற்கும், புள்ளி கொடுத்த அணி ஆளை மாற்றலாம் என்பது ஃபிபா விதி. ஆனால் பந்து ஓடிக்கொண்டே இருந்தால் மாற்ற நேரம் கிடைக்காது. ஆகவே இந்த மூன்றாம் படியில் நெடுநாள் நிற்கக் கூடாது. கடைசிப் படியில் அவன் இரண்டு பக்கமும் ஆட வேண்டும்.

அதற்கான ஒத்திகை வாரத்தில் ஒரு மாலையாவது நடக்க வேண்டும். பலகையில் இரண்டு நிமிடம், மூன்று புள்ளி பின்தங்கல் என்று வைத்து, உண்மை ஆட்டம்போல ஃபவுல் கணக்கோடு ஆடுவது. இங்கே சென்டர் கற்க வேண்டியவை சின்னச் சின்னவை. ஸ்கிரீன் போடும்போது கால் நகர்ந்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும் என்பது. எதிரணி ஃப்ரீ த்ரோ போடும்போது பக்கத்து ஆளை இடுப்பால் மறித்து பாக்ஸ் அவுட் செய்வது. ரீபவுண்ட் எடுத்ததும் பந்தை மார்புக்குக் கீழே இறக்காமல் கார்டைத் தேடுவது. கடிகாரத்தில் 0.3 நொடியோ அதற்கு மேலோ இருந்தால்தான் பந்தைப் பிடித்து எறியலாம், 0.2 அல்லது 0.1 நொடி என்றால் தட்டிவிடவோ நேரே வளையத்தில் திணிக்கவோ மட்டுமே முடியும். அந்த நொடியில் அணிக்கு உதவக்கூடியவர் களத்தில் சென்டர் ஒருவர்தான். அவரை வெளியே உட்காரவைத்த பயிற்சியாளருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

தவறியவுடன் வெளியே இழுப்பதுதான் மிகக் கெட்ட பழக்கம். பையனின் கண் பந்தைவிட்டு பெஞ்சின் பக்கம் திரும்பத் தொடங்கிவிடும். ஒரு தவறுக்குப் பிறகு குறைந்தது அடுத்த இரண்டு மூன்று தாக்குதல் வரை விட்டுவைத்து, டைம் அவுட்டில் ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்வது நல்லது. அவன் களத்தில் இருந்தபோது அணி எத்தனை புள்ளி எடுத்தது, எத்தனை கொடுத்தது என்று ஒரு நோட்டில் ஆட்டந்தோறும் குறித்துவந்தால், பயிற்சியாளரின் பயமும் பாசமும் தீர்ப்பைக் கெடுக்காது. பத்துப் பதினைந்து ஆட்டத்துக்குப் பின் அந்த நோட்டு சொல்வதை நம்பலாம்.

அத்தனை ஆட்டங்கள் எங்கே கிடைக்கும் என்பதே சிறு ஊர்களின் உண்மையான சிக்கல். பள்ளிக்கல்வித் துறையின் குறுவட்டப் போட்டியில் தோற்றால் அந்த ஆண்டு முடிந்தது. வென்றால் மாவட்டம், மாநிலம் என்று சில ஆட்டம் கூடும். முதலமைச்சர் கோப்பையில் கூடைப்பந்து இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் தேர்வு நடக்கிறது. கூடைப்பந்து உள்ள விடுதி கிடைத்தால் ஆட்டங்களும் சேர்ந்து கிடைக்கும். பெரியகுளத்தில் கோடைதோறும் நடக்கும் அகில இந்தியப் போட்டியும் கோவையின் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பையும் வங்கி, ரயில்வே, ராணுவ அணிகளின் சென்டர்களை நேரில் பார்க்கும் இடங்கள். ஊரிலேயே இருப்பவர்களுக்கு ஒரு வழி மிச்சமிருக்கிறது. சங்கராபுரம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பக்கத்துப் பள்ளிகள் தங்களுக்குள் பேசி, ஜூலை முதல் டிசம்பர் வரை சனிக்கிழமை தோறும் ஒரு நட்பு ஆட்டம் வைத்துக்கொண்டால், தேர்வு விடுமுறைகளைக் கழித்தாலும் ஒரு பருவத்துக்கு இருபது ஆட்டம் தேறும். கோப்பை இல்லாத அந்த ஆட்டங்களில் கடைசி இரண்டு நிமிடம் இளம் சென்டருக்கே என்று எல்லாப் பயிற்சியாளர்களும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளலாம்.